மூன்று உயிர் தீரும்வரை

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டி, அது வீடியோ கேம்ஸ் கடையாக இருந்த காலம் முடிந்து பின்னறையில் முப்பது வருஷமாகச் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த வீடியோ கேம்ஸ் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடலாமென்று முன்னால் இழுத்து வந்து, போடுவதற்கு முன் உயிர் இருக்கிறதா பார்ப்போமே என்று பிளக்கைச் சொருகிய அன்று, ஐஸ் பேக்டரி சூப்பர்வைசர் பெர்க்மான்ஸ் தன் ஆதார் அட்டையை நகல் எடுக்க வந்திருந்தார். பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பழைய பாட்டு டொய்ங் டொய்ங் என்று கிளம்பியதும் அவர் ஆதாரை மறந்தார், சட்டைப் பையில் இருந்த ஒரு ரூபாயைப் போட்டார், இரண்டு கைகளையும் பெட்டிமேல் வைத்தார். வைத்த கைகள் மெலிந்தன, மீசை வந்த வழியே உள்ளே போனது, வழுக்கையில் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய முடி முளைத்தது, தொப்பை வற்றியது, இடுப்பில் நிற்காமல் பேண்ட் முழங்காலுக்கு இறங்கியது. நாற்பத்தைந்து வயது பெர்க்மான்ஸ் பதினான்கு வயது ஆனான்.

"பேண்ட்டப் பிடிங்க அண்ணாச்சி" என்றார் சங்கரபாண்டி. "காப்பி ரெண்டா, மூணா?"

பையன் அதற்குள் இடியண்ணனோடு போய்விட்டான்.

இடியண்ணன் என்பது அந்த விளையாட்டின் நாயகனுக்கு ஊர் வைத்த பெயர். பெட்டியின் நெற்றியில் இங்கிலீஷில் வேறு ஏதோ பெயர் மின்னல் எழுத்தில் எழுதியிருந்தது. அது யாருக்கும் வாயில் நுழையவில்லை. கையில்லாத சிவப்புச் சட்டை, தொடை தடிமனில் புஜம், குகைக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி, தோளில் தன்னைவிட நீளமான துப்பாக்கி. எதற்குச் சண்டை போடுகிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. இடமிருந்து வலமாக ஓடுவான், எதிரே வருகிறவர்களைச் சுடுவான், ஹெலிகாப்டரைக்கூட எட்டி உதைத்து விழுத்துவான். செத்தால் மூன்று தடவை மினுக்கிவிட்டு எழுந்து நிற்பான், மூன்று உயிர் தீரும்வரை. ஒவ்வொரு ஸ்டேஜ் முடிந்ததும் கரகரத்த குரலில் ஒரு வசனம் சொல்வான். அது இங்கிலீஷ்தான், ஆனால் தூத்துக்குடிப் பையன்களின் காதில் அது "சோத்த வச்சிட்டு வால" என்றுதான் விழுந்தது, இன்றைக்கும் அப்படித்தான் விழுகிறது.

பன்னிரண்டு நிமிஷத்தில் மூன்றாவது ஸ்டேஜில் வரும் இரும்பு முதலை இடியண்ணனின் மூன்றாவது உயிரையும் விழுங்கியது. பெர்க்மான்ஸ் மீசையோடும் சர்க்கரை வியாதியோடும் திரும்பி வந்து, பேண்ட்டை ஏற்றிக் கட்டிக்கொண்டு, "ரெண்டு காப்பி போதும்" என்றார்.

ஒரு வாரத்துக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. முதன்முதலில் அந்தப் பெட்டியில் எந்த வயதில் விளையாடினார்களோ அந்த வயதுக்கு ஆள் போகும். உயிர் தீர்ந்ததும் திரும்பிவிடும். பங்குச் சாமியார் பதினொன்றுக்குப் போனார், சப்-இன்ஸ்பெக்டர் பதினாறுக்குப் போனார், உப்பளக் காண்டிராக்டர் ஒன்பதுக்குப் போய், கை எட்டாமல் ஸ்டூல் போட்டு நின்றார். பக்கத்துக் கடை டெய்லர் நாடா வைத்த ஒரு டவுசரையும் அந்தக் காலத்துப் பள்ளிக்கூட நீலச் சட்டை ஒன்றையும் தைத்துப் பொதுவில் ஆணியில் மாட்டிவைத்தார், வந்தவர்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு விளையாடினார்கள். விளையாடும்போது போடும் கையெழுத்து செல்லாது என்று வக்கீல் ஒருவர் தாளில் எழுதி ஒட்டினார். விளையாடுவது பாவமில்லை, ஆனால் பாவசங்கீர்த்தனத்தை அவரவர் நிஜ வயதில் வந்துதான் செய்ய வேண்டும் என்று சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவித்தார். சப்-இன்ஸ்பெக்டரின் தாய் லூர்தம்மாள் தினமும் வந்து, மகன் பதினாறு வயதில் நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள், அந்தக் காலத்தில் திட்ட மறந்த திட்டையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகப் போனாள். ஒரு நாள் விளையாட்டுக்கு நடுவில் கரண்ட் போனது. கரண்ட் வருகிறவரை அரை மணி நேரம் சப்-இன்ஸ்பெக்டர் பதினாறு வயதாகவே ஸ்டேஷன் போனை எடுத்துக் கீச்சுக் குரலில் பேசிக்கொண்டிருந்தார்; திரும்பி வந்த கரண்ட் ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதன் பிறகு தெருவில் யாரும் கரண்ட் போனதற்கு மின்வாரியத்தைத் திட்டவில்லை, பொறுமையாக விசிறிக்கொண்டார்கள். போனில் விளையாடிப் பழகிய இந்தக் காலத்துப் பிள்ளைகள் மட்டும் எட்டிப் பார்த்து, "இது என்ன, கட்டங்கட்டமா இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

பெர்க்மான்ஸின் மனைவி ஜெசிந்தாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் லேப் டெக்னீஷியன், வயது நாற்பத்து மூன்று, மணப்பாட்டிலிருந்து கல்யாணம் ஆகி வந்து பத்தொன்பது வருஷம். வந்தபோது பெர்க்மான்ஸுக்கு ஏற்கனவே முன்நெற்றி ஏறியிருந்தது. பேச்சு கம்மி, கோபம் கம்மி, குடி கிடையாது, ஐஸைத் தொட்டுத் தொட்டு எப்போதும் சில்லென்றிருக்கும் கை. அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதைத்தான் அவள் சில நாள் ஒரு குறையாக நினைத்துக்கொள்வாள். அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. பசிக்கிறதா, ஊருக்குப் போக வேண்டுமா, இந்தச் சேலை பிடித்திருக்கிறதா என்று ஒரு கேள்வி இல்லை. கேட்காமலே எல்லாம் வாங்கிப் போட்டார்.

நாலு மணிக்கு வேலை முடிந்து, புருஷனின் பழைய போட்டோவைப் பார்க்கப் போகிறவள் மாதிரி ஆசையாகத்தான் அவள் போனாள். டவுசரும் நீலச் சட்டையுமாக நின்ற பையனின் பின்கழுத்து வியர்த்திருந்தது. காதோரம் ஒரு மச்சம். அது மட்டும் அவளுக்குத் தெரிந்த மச்சம். இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள்.

"தள்ளி நில்லுங்க ஆன்ட்டி" என்றான் அவன், திரும்பாமலே. "வெளிச்சத்த மறைக்கிய."

பத்தொன்பது வருஷம் கூடப் படுத்தெழுந்தவன் வாயிலிருந்து வந்த அந்த ஆன்ட்டி என்ற சொல், அவளுக்கு முள் ஏறிய மாதிரி எங்கேயோ ஏறி நின்றது. தள்ளி நின்றாள். அப்போது இடியண்ணன் ஹெலிகாப்டரை உதைத்து விழுத்தினான். பையன் உடனே கழுத்தை இடதுபக்கம் திருப்பி, தெருவுக்கு எதிரே, மேலே, எதையோ பார்த்துச் சிரித்தான். அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை. கல்யாண ஆல்பத்தில் இல்லை, மகள் பிறந்தபோது இல்லை, எதிலும் இல்லை. அவளும் திரும்பிப் பார்த்தாள். எதிரே சிமெண்ட் கம்பெனி விளம்பரப் பலகை ஒன்று வெயிலில் வெளுத்து நின்றது.

வீட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டாள். "யாரப் பாத்துச் சிரிச்சிய?"

"எப்ப?"

"கடையில. வெளையாடும்போது."

அவர் இட்லியைப் பிட்டபடி யோசித்தார். "எனக்கென்ன தெரியும்? நான் அப்ப சின்னப் பையன்லா."

அன்றிலிருந்து ஜெசிந்தா தினமும் நாலு மணிக்கு அங்கே போய் நின்றாள். பொறாமை என்று அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. புருஷன் விளையாடும்போது கீழே விழுந்துவிடக்கூடாதே என்று பார்க்கப் போகிறேன் என்றுதான் லேபில் சொன்னாள். ஆனால் பொறாமைக்குப் பெயர் வைக்காவிட்டாலும் அது வளரும். வீட்டில் அவர் தலைக்கு எண்ணெய் கேட்டால் "இருக்கிற முடிக்கு எண்ணெய் ஒரு கேடு" என்றாள், மீன் குழம்பில் நடுத்துண்டத்தைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள், அவர் தூங்கும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினாள். லேப் டாக்டர் ஒரு நாள், விளையாடும்போது சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் என்ன என்று கேட்க, கை இரண்டும் வேலையில் இருப்பதால் காதுமடலில் குத்தித்தான் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ஜெசிந்தா ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

"ஆ! ஆன்ட்டி!"

"கொஞ்சம்தான். அசையாத."

தொண்ணூற்று இரண்டு. பத்து நிமிஷம் கழித்து மீசை வந்த பிறகு குத்தினால் இருநூற்று அறுபது. டாக்டர் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு, இரண்டுமே சரி என்றார்.

இன்னொரு நாள் அவளும் ஒரு ரூபாயைப் போட்டாள். பெட்டியில் கை வைத்துக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். பாட்டு கேட்டது, இடியண்ணன் மூன்று தடவை செத்தான், ஒன்றும் நடக்கவில்லை. அவள் நாற்பத்து மூன்றிலேயே நின்றாள்.

"மதினி, இது மொதத் தடவ வெளையாண்ட வயசுக்குத்தான் கொண்டு போவும்" என்றார் சங்கரபாண்டி சங்கடத்தோடு. "ஒங்களுக்கு இதானே மொதத் தடவ."

மணப்பாட்டிலும் ஒரு பெட்டி வந்தது, அவளுடைய இரண்டு அண்ணன்களும் அங்கேயே கிடந்தார்கள், பொம்பளப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அம்மா அவளை வாசலோடு கூப்பிட்டுக்கொண்டாள். அதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. சுற்றிலும் பத்து வயதும் பதினாறு வயதுமாக டவுசர் மாற்றிக்கொண்டு நின்ற ஆம்பிளைகளையெல்லாம் பார்த்தபோது, புருஷன்மேல் மட்டும் இருந்த எரிச்சல் ஊர்மேல் பரவியது. போய்வர ஒரு வயது இவர்களுக்கு இருக்கிறது. தனக்கு எங்கே இருக்கிறது?

பையனிடம் மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"அங்க மேல என்ன பாக்க?"

"ஜன்னல்."

"எந்த ஜன்னல்?"

"காப்பித்தூள் கடைக்கு மாடியில. பச்ச ஜன்னல். தெரியலியா ஆன்ட்டி?" அவன் கண்ணுக்கு அந்தச் சிமெண்ட் பலகை இல்லை.

"ஜன்னல்ல யாரு?"

பையனின் காது இரண்டும் சிவந்தன. அதற்குள் முதலை வந்து விழுங்கிவிட்டது. அடுத்த நாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். நான்காம் நாள் அவன், இடியண்ணனைச் சுவருக்குப் பின்னால் நிறுத்திவைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "அமலி" என்றான். "டாலி கிளார்க் மக. அமலோற்பவம். நான் வெளையாடும்போதெல்லாம் வந்து நின்னு பாப்பா. என்னத்தான் பாக்கா. யார்ட்டயும் சொல்லிராதிய."

"சொல்லல" என்றாள் ஜெசிந்தா, பையனின் மனைவி.

விசாரிப்பது கஷ்டமாக இல்லை. துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறித்த அந்த டாலி கிளார்க்கின் மகள் இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறாள், பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று லூர்தம்மாளே சொன்னாள். வியாழக்கிழமை லீவு போட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டி, ஜெசிந்தா பஸ் ஏறினாள். முறப்பநாடு தாண்டுவதற்குள் சொல்ல வேண்டிய வார்த்தைகளையெல்லாம் அடுக்கிவைத்துவிட்டாள். போய்ச் சேர்ந்த மைதானத்தில், ஆம்பிளைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டு, தொப்பி வைத்து, கொஞ்சம் பருமனாக, விசில் ஊதிக்கொண்டு நின்றவள்தான் அமலி. ஸ்கூட்டர் கற்க வந்தேன் என்று ஜெசிந்தா வாயில் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் அவள் முன்னாலும் அமலி பின்னாலுமாக வண்டி வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"கீழ பாக்காதிய, தூரப் பாருங்க. தூத்துக்குடியா? நான் பெறந்து வளந்தது அங்கதான்."

"தெரியும். காப்பித்தூள் கடை மாடி. எதுக்க வீடியோ கேம்ஸ் கடை."

அமலி பின்னாலிருந்து சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. "ஐயோ, அந்த டொய்ங் டொய்ங்! ரெண்டு வருஷம் அந்த ஜன்னல்லயே கெடந்தேன்."

ஜெசிந்தாவின் கை பிரேக்கை இறுக்கியது. "யாரப் பாக்க?"

"யாரயா? இடியண்ணனத்தான்! எங்க மாடியிலருந்து அந்தப் பெட்டி நல்லாத் தெரியும். உள்ள போயி வெளையாட விடுவாவளா நம்மள? பாக்கத்தான் செஞ்சேன். கண்ணாடிய மட்டும் ஒரு தடவ கழட்டுவானான்னு ஏங்கிப் போயிக் கெடந்தேன். கடைசியில எங்கப்பா ஜன்னல ஆணி அடிச்சு அடச்சிட்டாவ."

"அங்க ஒரு பையன் வெளையாடுவானே. பெர்க்மான்ஸ்."

"எந்தப் பெர்க்மான்ஸ்?"

"ஒல்லியா, நீலச் சட்ட போட்டு."

"அங்க நின்ன பயலுவ எல்லாரும் ஒல்லிதான், எல்லாரும் நீலச் சட்டதான். ஸ்கூல் யூனிபார்ம்லா! பெட்டிய மறச்சுக்கிட்டு நிப்பானுவ. தள்ளி நில்லுல, தள்ளி நில்லுலன்னு கையக் காட்டுவேன். அதுல ஒரு கூமுட்ட திரும்பித் திரும்பிச் சிரிப்பான்."

வண்டி நின்றது. அமலியை நாலு வார்த்தை கேட்டுவிட வந்தவள், அமலிக்குத் தன் புருஷனின் முகம்கூட நினைவில்லை என்றதும், வந்த கோபம் வேறு பக்கம் திரும்ப, இறங்கி நின்றாள். இவளுக்கென்ன இவ்வளவு திமிர்? ரெண்டு வருஷம் ஒருத்தன் கழுத்து சுளுக்கப் பார்த்துச் சிரித்திருக்கிறான், இவள் கூமுட்டை என்கிறாள். அப்படியென்ன பெரிய ரதி?

"இன்னிக்கு இது போதும்" என்றாள்.

"நல்லாத்தான் ஓட்டுறிய" என்றாள் அமலி. பிறகு என்ன நினைத்தாளோ, கூட நடந்து வந்து, "அந்தப் பயலுவள்ல ஒருத்தனும் மூணாவது ஸ்டேஜ் தாண்டல, தெரியுமா? முதலயச் சுட்டுச் சுட்டுச் சாவானுவ. சுடவே கூடாது. வாலுக்கு அடியில போயி சும்மா நின்னாப் போதும், அதுவாப் போயிரும். மேலருந்து பாத்த எனக்குத் தெரிஞ்சுது. கத்துவேன், யாருக்குக் கேக்கும்?" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் அமலியைப் பார்த்திருக்கிறான், அமலி கண்ணாடி போட்ட ஒரு பொம்மையைப் பார்த்திருக்கிறாள். பொம்மை வலதுபக்கத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இதில் யார்மேல் பொறாமைப்படுவது? இருந்தாலும் பொறாமை குறைந்தபாடில்லை. இடம் தெரியாத விருந்தாளி மாதிரி துணிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றது.

அடுத்த நாள் நாலு மணிக்குப் பையன் மூன்றாவது ஸ்டேஜுக்கு வந்தபோது அவள் குனிந்து சொன்னாள். "முதலையச் சுடாத. வாலுக்கு அடியில போயி சும்மா நில்லு."

"யாரு சொன்னா?"

"அமலி."

பையனின் கை நின்றது. இடியண்ணன் ஒரு உயிரை இழந்து மினுக்கினான். "அமலியா? ஒங்ககிட்டயா? என்னயா சொன்னா? எம்பேரச் சொன்னாளா?"

ஊசி குத்துமுன் வலிக்காது என்று சொல்வதைத் தவிர ஜெசிந்தா பெரிதாகப் பொய் சொல்லிப் பழகியதில்லை. அந்த முகத்தைப் பார்த்தாள். "பேரச் சொன்னா. பெர்க்மான்ஸ்கிட்ட சொல்லுங்கன்னா."

அவன் வாலுக்கு அடியில் போய் நின்றான். முதலை இரண்டு தடவை வாயைப் பிளந்து மூடி, யாரையும் காணாமல், திரையைவிட்டே போய்விட்டது. "சோத்த வச்சிட்டு வால" என்றான் இடியண்ணன். கடையில் எழுந்த சத்தத்தில் டெய்லர் தையலை விட்டு ஓடி வந்தார்.

முப்பது வருஷமாக அந்த ஊரில் யாரும் பார்த்திராத நான்காவது ஸ்டேஜ் திறந்தது. பனிமலை; அங்கேயும் இடியண்ணன் கையில்லாத சட்டையோடு ஓடினான், நடுங்கவில்லை. ஐந்தாவது நிலாவில், அங்கே மோட்டார் சைக்கிளில் போனான், தலைக்கவசம் இல்லை. கூட்டம் தெருவை அடைத்தது. மணி ஐந்தரை ஆனது, ஆறரை ஆனது, தெருவிளக்கு எரிந்தது. பெர்க்மான்ஸின் சர்க்கரை மாத்திரைக்கு நேரம் வந்து, போய்விட்டது. பையனுக்கு இன்னும் ஒரு உயிர் மிச்சமிருந்தது. அவன் சாகிற மாதிரி தெரியவில்லை.

"மதினி" என்று சங்கரபாண்டி காதோரம் கேட்டார். "இவன் சாகலேன்னா அண்ணாச்சி எப்படி வருவாவ?"

அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வழியைத் தானே சொல்லிக்கொடுத்து அனுப்பிவைத்திருக்கிறாள். இன்னொருத்தி பெயரைச் சொல்லி. வீட்டில் தொங்கும் அவருடைய சட்டைகள் எல்லாம் பெரிய சட்டைகள். லூர்தம்மாள் செபமாலையை எடுத்துவிட்டாள். பிளக்கைப் பிடுங்கிப் பயனில்லை என்று, கரண்ட் போன அன்று தனக்கு ஆனதை ஊர் சொல்லக் கேட்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். பையனோ தெருவின் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிச் சிரித்தபடி, வெற்றிமேல் வெற்றியாகப் போய்க்கொண்டிருந்தான். அமலி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பிலேயே போகிறான் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் நின்று, அவன் வென்றுகொண்டிருப்பதை, வயிறு எரிய எரியப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு தலைப் பல்லிமேல் ஏறிக்கொண்டு, ஒவ்வொரு தலையிலும் ஒரு பீரங்கியோடு, எதிரிகளின் கடைசித் தளபதி வந்தான். பையன் இடியண்ணனை ஒரு பாறைக்குப் பின்னால் நிறுத்தி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாகத் திரும்பி அவளை நேராகப் பார்த்தான்.

"ஆன்ட்டி. தெனமும் வந்து நிக்கியளே. ஒங்களுக்கும் வெளையாடணும்னு ஆசயா?"

பத்தொன்பது வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி. அதற்கு முன்னால் இருபத்து நாலு வருஷத்தில் அம்மாவும் அண்ணன்களும் கேட்காத கேள்வி.

"ஆமா" என்றாள் ஜெசிந்தா.

"இந்தாங்க." அவன் நகர்ந்து நின்றான். "இது சுடுறது, இது குதிக்கிறது."

"ஏல, வேண்டாம்ல! கடைசி ஸ்டேஜுல!" என்று கூட்டம் அலறியது, காண்டிராக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவ்வோ வெளையாடட்டும்" என்றான் பையன்.

அவள் கை வைத்தாள். கைப்பிடி சுட்டது, வீட்டில் தொட்டால் ஐஸாக இருக்கும் கையின் சூடு. தோற்றால் புருஷன் வருவார், அவளுக்கு அது தெரியும். உடனே தோற்றுவிடலாம். ஆனால் இடியண்ணன் அவள் சொன்னபடி குதித்தான், அவள் சொன்னபடி சுட்டான், பல்லியின் ஒரு தலை பட்டாசாக வெடித்துச் சிதறியது, அவள் வாயிலிருந்து அவளுக்கே தெரியாத ஒரு கூச்சல் வந்தது. தோற்க மனம் வரவில்லை. "இடப்பக்கம், இடப்பக்கம், ஆன்ட்டி! குதிங்க!" என்று பையன் அவள் தோளோடு ஒட்டி நின்று கத்தினான்; இப்போது அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. முழுசாக நாலு நிமிஷம் அவள் விளையாடினாள், கொண்டை அவிழ, சேலை நழுவ, ஒருத்தருக்கும் வழிவிடாமல் விளையாடினாள். பிறகு மிச்சமிருந்த தலை திரும்பிச் சுட்டது. இடியண்ணன் மினுக்கிவிட்டு, எழுந்திருக்காமல் போனான்.

தோளில் ஒட்டியிருந்த தோள் கனத்தது. டவுசர் நாடா அறுந்தது. "என்ன, இருட்டிட்டு?" என்றார் பெர்க்மான்ஸ். "பசிக்கி, ஜெசி."

மறுநாள் காலையில் அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் குடிக்காமல் இருந்தார். விளையாடினவர்களுக்கு அந்தந்த நாள் நடந்தது திரும்பி வந்ததும் நினைவிருக்காது. ஆனால் எப்போதோ முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது மாதிரி, ஓரம் மங்கி, அது பிறகு மேலே வரும் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியத் தொடங்கியது.

"சின்ன வயசுல ஒரு ஆன்ட்டி" என்றார் அவர். "அந்தக் கடைக்கு வருவாவ. தெனமும் எம்பக்கத்துல வந்து நிப்பாவ. ஒரு தடவ காதுல ஊசியால குத்துனாவ, எதுக்குன்னு தெரியல. எனக்கு ஒரு வழி சொல்லிக் குடுத்தாவ. நான் அவ்வோளுக்கு ஆட்டத்தக் குடுத்தேன். ஒரு கூச்சல் போட்டாவ பாரு, இப்பவும் காதுல கேக்குது. அதுக்கப்புறம் வரவேயில்ல. பத்தாங் கிளாஸ் முடியிறவரைக்கும் தெனமும் வாசலப் பாத்துப் பாத்துத்தான் வெளையாடுவேன். பேர்கூடக் கேக்காம விட்டுட்டேன், ஜெசி."

சொல்லும்போது அவர் சிரித்தார். ஜெசிந்தா தேடித் தேடிக் காணாத அதே சிரிப்பு, மீசைக்குக் கீழே, வீட்டுக்குள். அமலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஆன்ட்டி யாரென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், இரண்டு மாதமாக உள்ளே நின்ற பொறாமை என்ற அந்த விருந்தாளி இப்போதுதான் இடம் கிடைத்தது போல் துணிப்பெட்டியை இறக்கிவைத்துக் காலை நீட்டி உட்கார்ந்தது.

"அழகா இருந்தாவளோ?" என்றாள்.

"ம்" என்றார் அவர், யோசிக்காமலே. "ரொம்ப."

"என்னவிடவா?"

அவர் அவளைப் பார்த்தார். உள்ளதைச் சொல்லும் மனிதர் ஆனபடியால், "ஒன் சாயல்தான். ஆனா அவ்வோ முகத்துல ஒரு தீ இருக்கும்" என்றார்.

அவள் மாத்திரை டப்பாவை அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள். அடுக்களைக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். அன்று லேபில் இரண்டு பேருக்கு நரம்பு தவறிக் குத்தினாள். மூன்று மணிக்கே அனுமதி கேட்டு, முகம் கழுவி, தலை வாரி, பூ வாங்கி வைத்துக்கொண்டு, அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னதாகக் கடைக்குப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள், அந்தப் பொம்பளை வருகிறாளா என்று ஒரு கண் பார்த்துவிடுவதற்காக.